துறைமுகமும் தொற்றுநோயும்: திருகோணமலை மாவட்டத்தில் அரசும் சமூகமும்

திருகோணமலை நகரின் பழைய ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டத்திலே சார்ல்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதியின் கல்லறை உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர் இவர். 1852ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, பர்மாவின் ஐராவதி ஆற்றிலே போர்ப்பணியில் இருந்தபொழுது வாந்திபேதி கண்டு இறந்தார். அவருடல் திருகோணமலையிலே அடக்கம் செய்யப்பட்டது. பீரங்கிக்குத் தப்பிய தளபதி நோய்க்குத் தப்பவில்லை என்பது மட்டுமன்று இக்கல்லறை தரும் செய்தி. கப்பல் செல்லும் வழியெல்லாம் நோயும் செல்லும் என்பதையும், துறைமுகம் ஒன்றை உடைய ஊர் உலகின் செல்வத்தோடு உலகின் பிணிகளையும் வரவேற்க நேரும் என்பதையும் அது நினைவூட்டுகின்றது.

கொள்ளைநோய் பரவுங் காலத்தில் அரசும் சமூகமும் இணைந்து செயற்படல் வேண்டும் என்பது எவரும் மறுக்காத கூற்றாகும். ஆயின் அவ்விணைவு எவ்வாறு உண்டாகின்றது, எதனால் நிலைபெறுகின்றது, எதனாற் குலைகின்றது என்பன அத்துணைத் தெளிவாக ஆராயப்படுவதில்லை. ஒத்துழைப்பு என்பது ஆணை பிறந்தவுடன் பின்தொடர்ந்து வருவது என்றே பலரும் கருதுகின்றனர். திருகோணமலை மாவட்டத்தின் அனுபவம் இக்கருத்துக்கு மாறானது. மலேரியா, டெங்கு, கொவிட்-19 ஆகிய மூன்று நோய்களை அம்மாவட்டம் எதிர்கொண்ட முறையினை நோக்கி, அரசுக்கும் சமூகத்துக்கும் இடையிலான நம்பிக்கையே நோய்த்தடுப்பின் முதற்கருவி என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாவட்டமும் மக்களும்

இலங்கையின் கீழ்க்கரையில் அமைந்த திருகோணமலை மாவட்டம் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய முச்சமூகத்தவரும் பெருந்தொகையினராக வாழும் இம்மாவட்டத்திலே எச்சமூகமும் தனித்துப் பெரும்பான்மையாக இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம்கள் செறிந்துள்ளனர். நகரிலும் குச்சவெளி முதலாய கரையோரங்களிலும் வெருகற் பகுதியிலும் தமிழர் வாழ்கின்றனர். கந்தளாய், கோமரங்கடவல, பதவிசிறிபுர போன்ற உட்பகுதிகளிற் சிங்களவர் மிகுதி. நுளம்பு இவ்வெல்லைகளை அறியாது. ஆனால் நுளம்பை ஒழிக்க வரும் உத்தியோகத்தர் எம்மொழியிற் பேசுகிறார், எவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், அவ்வீட்டார் அவரை எக்கண்கொண்டு பார்க்கின்றனர் என்பவற்றையெல்லாம் இவ்வெல்லைகளே தீர்மானிக்கின்றன.

இயற்கை நிலையும் நோய்க்குச் சாதகமானது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கடலுடன் கலக்கின்றது. அதன் கிளையாகிய வெருகல் ஆறு மாவட்டத்தின் தென்னெல்லையை அடுத்துப் பாய்கின்றது. கந்தளாய்க் குளமும் எண்ணிறந்த சிறு குளங்களும் வயல்களுக்கு நீரூட்டுகின்றன. கோடையில் ஆற்றுப்படுகையில் நீரோட்டம் நின்று மணற்பள்ளங்களிலே தெளிந்த நீர் தேங்கும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் தலையாய நுளம்பாகிய அனோபிலிசு குலிசிபேசிசு விரும்பி முட்டையிடும் இடம் இதுவேயாகும்.

ஆணையும் காவலும்

நோய்த்தடுப்பு என்பதை அரசு தொடக்கத்திலே ஒரு காவற் கடமையாகவே கருதிற்று. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் இந்நோக்கின் விளைவாகும். நோயுற்ற கப்பலைக் கரைசேராது நிறுத்தவும், நோயாளரைத் தனிமைப்படுத்தவும், நோய் கண்ட இடங்களைத் தூய்மையாக்கவும் அச்சட்டம் அதிகாரம் வழங்கிற்று. தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமிலே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே தலைமன்னாருக்கு அனுப்பப்பட்டனர். அம்முகாமை நடத்தியது இலங்கை அரசே. அதே மண்டபம் பிற்காலத்திலே இலங்கையிலிருந்து போருக்கஞ்சிச் சென்ற தமிழ் அகதிகளின் முகாமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இச்சட்டத்தின் கண்களிலே மனிதன் நோயைச் சுமந்து வருபவனாகத் தெரிந்தானேயன்றி, நோயைத் தடுக்க வல்லவனாகத் தெரியவில்லை. ஆயினும் சமூகம் தனக்கெனச் சில தடுப்பு நெறிகளை உடையதாகவே இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுதல், அவ்வீட்டுக்குப் பிறர் செல்லாதிருத்தல், வீட்டார் நன்மை தீமைகளுக்கு வெளியே செல்லாதிருத்தல் ஆகிய வழக்கங்கள் அம்மன் வழிபாட்டோடு பிணைந்து வந்தன. இவற்றின் உள்ளுறை யாதாயினும், வாயிலிற் கண்ட வேப்பிலை, 'இங்கே நோயுண்டு. விலகி நில்' என்று ஊருக்கு அறிவித்தது. துறைமுகத்திலே கப்பலின் மஞ்சட்கொடி செய்த பணியும் இதுவே. வேறுபாடு என்னவெனில், வேப்பிலையை வீட்டார் தாமே செருகினர். கொடியை ஏற்றுமாறு சட்டம் பணித்தது. தானாக விரும்பி ஏற்கும் கட்டுப்பாட்டுக்கும் பிறரால் விதிக்கப்படும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான இவ்வேறுபாடே நாம் ஆராயும் பொருளின் கருவாகும்.

ஆணை ஒன்றே போதாது என்பதைப் பிற்காலக் கொள்ளைநோய்கள் உணர்த்தின. 1918ஆம் ஆண்டு ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் 1919ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலும் இரு மரண அலைகளாக வந்த உலகளாவிய இன்புளுவென்சா, ஒரு மதிப்பீட்டின்படி, இலங்கையில் 3 இலட்சம் உயிர்களைக் குடித்தது. 1926ஆம் ஆண்டிற் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டமை ஒரு திருப்பமாகும். ஒரு நிலப்பரப்பு, அதற்குப் பொறுப்பான சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குத் துணையாக வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவிச்சி என்னும் அமைப்பு அங்கேதான் உருவாயிற்று. நோய் வந்தபின் காவல் புரிவதை விடுத்து, நோய் வருமுன் வீட்டாரோடு பழகுவதை அது முறையாக்கிற்று. இன்று திருகோணமலையின் ஒவ்வொரு பிரிவிலும் இயங்குவது இவ்வமைப்பின் விரிவேயாகும்.

1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாப் பெருங்கொள்ளை ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டது. 1934இற் பருவமழை பொய்த்தமையால் ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. நோயெதிர்ப்பு அற்றிருந்த அப்பகுதி மக்களை மலேரியா சூறையாடிற்று. மலேரியாவுடனேயே பிறந்து வாழ்ந்த திருகோணமலை போன்ற உலர்வலயப் பகுதிகள் அவ்வாண்டுகளில் அத்துணைப் பாதிப்புறவில்லை. அரச மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அவ்வேளையிலே, சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த இளைஞர் கேகாலைக் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். பசித்த உடலுக்குக் கொயினா மட்டும் போதாது என்பதை அரசுக்கு முன்னரே உணர்ந்தவர் அவர்கள். நாட்டின் பொதுவாழ்விலே தொண்டரின் பங்கு இவ்வாறு நிலைபெற்றது.

மலேரியா கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் இலங்கைக்கு வந்த டி.டி.ரி. மருந்து நாட்டின் முகத்தையே மாற்றிற்று. 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை 1963இல் வெறும் 17 ஆகச் சுருங்கிற்று. அவருள்ளும் பலர் வெளிநாட்டிலே நோய்வாய்ப்பட்டு வந்தோராவர். உலகமே வியந்த வெற்றி இது. ஆயின் வெற்றியின் மகிழ்ச்சியிலே விழிப்புத் தளர்ந்தது. மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. காய்ச்சல் கண்டோரின் இரத்தத்தைச் சோதித்தலும் குறைந்தது. 1967ஆம் ஆண்டின் இறுதியளவில் நோய் திரும்பிற்று. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று.

இத்தோல்விக்கு நுளம்பு மருந்துக்குப் பழகிக்கொண்டமையையும் நிதிக் குறைவையும் காரணமாகக் கூறுவர். அவை மெய்யே. ஆயினும் மற்றொரு காரணமும் கருதற்பாலது. மருந்து தெளித்தல் என்பது என்ன? தெளிப்பவர் வீட்டினுள் வருவார். அடுக்களைப் பாத்திரங்களையும் உணவையும் படுக்கையையும் வெளியே எடுக்க வேண்டும். அறையறையாகச் சுவரெங்கும் மருந்தைத் தெளிப்பார். சுவரிலே வெண்படலமும் வீட்டிலே நெடியும் எஞ்சும். நுளம்பு குருதி குடித்தபின் சுவரிலே அமர்ந்து இளைப்பாறும்பொழுது அப்படலம் அதனைக் கொல்லும். ஆனால் வீட்டுப்பெண் மறுவாரமே மண்ணும் சாணமும் குழைத்துச் சுவரை மெழுகிவிட்டால், அரசு செலவிட்ட பணமும் தெளித்தவரின் உழைப்பும் அம்மெழுகுக்குக் கீழே மறைந்து போகும். அவள் செய்தது குற்றமன்று. தைப்பொங்கலுக்கோ கோயிற் திருவிழாவுக்கோ வீட்டைத் தூய்மை செய்தாள். 'இவ்வளவு காலம் மெழுகாதே. காரணம் இது' என்று அவளுக்கு எடுத்துச் சொல்வார் இல்லாதபொழுது, பெரும் இயக்கத்தின் முடிவு ஓர் அடுக்களைச் சுவரிலே தங்கிவிடுகின்றது. அரசின் திட்டம் எத்துணைப் பெரிதாயினும் அதன் இறுதி முழம் மக்களின் கையிலேயே உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1989ஆம் ஆண்டில் மலேரியாத் தடை இயக்கத்தின் பணிகள் மாகாணங்களுக்குப் பகிரப்பட்டன. பிராந்திய மலேரியா உத்தியோகத்தர் தத்தம் பகுதியின் நிலைக்கேற்ப முடிவெடுக்க வழி பிறந்தது. கொழும்பில் வகுத்த ஒரே நாட்காட்டி நாடெங்கும் பொருந்தாது. வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்போகம் செய்யும் திருகோணமலையிலே நோய் மிகுங் காலமும் அம்மழையை ஒட்டியே வரும். பிரதேச அறிவுக்கு இடமளித்தமை பிற்கால வெற்றிக்கு அடிகோலிற்று எனலாம்.

போர்க்காலத்து இணைவு

1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே இம்மாவட்டம் கொடுந்துன்பம் உற்றது. இடப்பெயர்வு, முகாம் வாழ்வு, மருத்துவர் பற்றாக்குறை ஆகியவை நோய்க்குக் கதவைத் திறந்தன. தொண்ணூறுகளிலே நாட்டின் மலேரியா நோயாளரிற் கணிசமானோர் வடக்கு, கிழக்கு மாகாணங்களைச் சேர்ந்தோராயினர். மூதூர் கிழக்கும் வெருகலும் நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தன. அரசின் ஆணை செல்லாத நிலத்திலே நோய்த்தடுப்பு எவ்வாறு நடைபெற்றது? இவ்வினா நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஏனெனில் ஆணையை முற்றாக நீக்கிவிட்டு ஒத்துழைப்பை மட்டும் தனியே நோக்குவதற்கு இக்காலமே வாய்ப்பளிக்கின்றது.

போலியோ ஒழிப்பு முதற்சான்றாகும். 1995 முதல் தேசிய நோய்த்தடுப்புத் தினங்கள் கொண்டாடப்பட்டன. அத்தினங்களிலே இருதரப்பும் துப்பாக்கிகளை மௌனமாக்கிப் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து வழங்க இடமளித்தன. யுனிசெப் நிறுவனம் அதற்கு இணக்கம் காண உதவிற்று. இலங்கையில் இறுதிப் போலியோ நோயாளர் 1993இல் அறியப்பட்டவர். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. எதிலும் இணங்காத இருதரப்பினர் பிள்ளையின் நாவில் விழும் இரு துளிகளுக்காக இணங்கினர்.

மலேரியாத் தடையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இரத்தச் சோதனையும் சிகிச்சையும் தடையற்றுச் செல்லல் வேண்டும் என்பதில் இருபுறத்துச் சுகாதாரப் பணியாளரும் ஒத்த கருத்தினராயிருந்தனர். நடமாடும் மருத்துவக் குழுக்கள் தொலைக் கிராமங்களுக்குச் சென்றன. நீண்டகாலம் பயன்தரும் மருந்தூட்டிய நுளம்பு வலைகள் உலக நிதியத்தின் உதவியுடன் வழங்கப்பட்டன. சர்வோதயம் போன்ற தொண்டர் அமைப்புகள் அவற்றை வீடுகளுக்குக் கொண்டு சென்று பயன்பாட்டை விளக்கின. போர் முடிந்தபின் டெடா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அரசசார்பற்ற நிறுவனம், மலேரியாத் தடை இயக்கத்தோடு இணைந்து கிழக்கு மாவட்டங்களிற் பரிசோதனை நிலையங்களை நடத்திற்று. 1999இல் 2 இலட்சத்து 60 ஆயிரத்தைக் கடந்திருந்த நோயாளர் தொகை படிப்படியாகச் சரிந்தது. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் நோய் தோன்றி நிலைத்தல் இல்லாது போக, 2016 செப்டெம்பர் 5ஆம் நாள் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இச்சான்றிதழின் பின்னே பெயர் அறியப்படாத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு உண்டு: காய்ச்சலுற்றோரின் விரல்நுனியிற் குருதி எடுத்து நாள்தோறும் நூற்றுக்கணக்கான கண்ணாடித் தகடுகளை நுணுக்குக்காட்டியிற் பார்த்த உத்தியோகத்தர், மருந்துக் கலம் சுமந்து காட்டுவழி நடந்த தெளிப்பாளர், 'எம் ஊரில் இன்னார்க்குக் காய்ச்சல்' என்று முன்வந்து சொன்ன ஊரவர். போருக்கு இடையே இவர்களை இணைத்தது எச்சட்டமும் அன்று. வந்தவர் நோய்க்கு மட்டுமே பகைவர், எமக்கன்று என்னும் நம்பிக்கையே.

கிண்ணியாவும் டெங்கும்

மலேரியா ஒழிந்த ஆறு மாதங்களுக்குள் மாவட்டம் மற்றொரு நுளம்பின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 2017ஆம் ஆண்டிலே டெங்கு நாடெங்கும் பரவி 1 இலட்சத்து 86 ஆயிரம் பேரைத் தாக்கி 400இற்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் முற்பகுதியிற் பெரிதும் பாதிக்கப்பட்ட பிரதேசங்களுள் கிண்ணியா ஒன்றாகும். மார்ச்சு மாதத்திலே கிண்ணியா ஆதார வைத்தியசாலை நோயாளரால் நிரம்பிற்று, பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், பாடசாலைகள் மூடப்பட்டன. வைத்தியசாலையின் வசதிக் குறைவு பற்றி மக்கள் குரலெழுப்பினர்.

கிண்ணியாவின் வரலாற்றை அறியாதார்க்கு இக்குரலின் ஆழம் விளங்காது. 2009இற் பாலம் திறக்கப்படும்வரை அவ்வூரிலிருந்து நோயாளரைத் திருகோணமலை நகருக்குக் கொண்டுசெல்ல நேர்வழி படகுப் பாதையே. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அவ்வூர் வைத்தியசாலை பேரழிவுக்குள்ளாயிற்று. ஆகவே 2017இல் எழுந்த சினம் ஒரு மாதத்துச் சினமன்று.

டெங்குவைப் பரப்பும் ஈடிசு நுளம்பு அனோபிலிசைப் போல ஆற்றுப்படுகையிலே வளர்வதன்று. வீட்டுக் கிணறு, சீமெந்துத் தொட்டி, பூச்சாடி, சிரட்டை, எறிந்த தயிர்ச்சட்டி ஆகியவற்றில் தேங்கிய நீரே அதன் தொட்டில். நீர்த் தட்டுப்பாட்டால் நீரைச் சேமித்து வைக்கும் வீட்டிலேதான் அது மிகுதியும் வளரும். எனவே இங்கே அரசு செய்யக்கூடியது சிறிது; வீட்டார் செய்யவேண்டியது பெரிது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவைச் சோதித்து வழக்குத் தொடரலாம்; ஆனால் நாள்தோறும் ஒவ்வொரு தொட்டியையும் அவர் கவிழ்த்துப் பார்க்க இயலாது. படையினரும் தொண்டரும் ஊரவரும் சேர்ந்து வளவுகளைத் துப்புரவு செய்தபின்னரே நிலை தணிந்தது. அதே வேளையில் மக்களை நோக்கி 'உங்கள் வளவைத் துப்புரவாக வைத்திருங்கள்' என்று கூறுதற்கு அரசுக்குத் தகுதி வேண்டும். குப்பையை ஒழுங்காக அகற்றாத, குழாய்நீரைத் தடையின்றித் தராத நிருவாகம் தொட்டியிலே தேங்கிய நீருக்காக ஏழையைத் தண்டிப்பது நியாயமாகத் தோன்றாது. ஒத்துழைப்பு இருவழிப்பாதை என்பதே கிண்ணியா உணர்த்தும் செய்தியாகும்.

கொவிட்: ஆக்கமும் முறிவும்

2020 மார்ச்சு 20ஆம் நாள் நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபொழுது, அரசின் பழைய அடித்தள அமைப்பே கைகொடுத்தது. ஒவ்வொரு கிராம உத்தியோகத்தரிடமும் குடும்பப் பட்டியல் இருந்தது. சமுர்த்தி உத்தியோகத்தரோடு சேர்ந்து, வருமானம் இழந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா உதவித்தொகையை அவர் கொண்டு சேர்த்தார். குடும்பநல உத்தியோகத்தர் கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் கைவிடாது பார்த்தார். பரிசோதகர் நோயாளரோடு தொடர்புற்றோரைத் தேடினார். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஆகியவற்றைச் சார்ந்தோரும் சங்கங்களும் உலர்உணவுப் பொதிகள் வழங்கினர். 1926இலே களுத்துறையில் நட்ட விதையின் பயன் இது. 1918இல் இல்லாதிருந்த வேலி 2020இல் இருந்தது.

ஆயின் அதே ஆண்டில் இவ்வேலியிலே அரசே ஓர் ஓட்டையை ஏற்படுத்திற்று. கொவிட்டினால் இறந்தோரின் உடலை அடக்கம் செய்யலாம், அல்லது தகனம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சு மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. இலங்கை அரசோ, தகனம் மட்டுமே செய்யப்படல் வேண்டும் என்று விதித்தது. 1897ஆம் ஆண்டின் அதே கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏப்பிரல் 11ஆம் நாள் அதற்கான ஒழுங்குவிதி வர்த்தமானியிலே வெளியாயிற்று. நிலத்தடி நீர் மாசுறும் என்பதே கூறப்பட்ட காரணம். அறிவியற் சான்று அதற்கு இருக்கவில்லை. ஜனாஸாவை நல்லடக்கம் செய்தலை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு இது ஆறாப்புண்ணாயிற்று. மண்ணிலே அடங்க விரும்பிய கிறித்தவர் சிலரையும் அது வருத்திற்று. அவ்வாண்டு டிசெம்பரிலே பிறந்து இருபது நாளேயான முஸ்லிம் குழந்தையொன்றின் உடல் எரிக்கப்பட்டதையடுத்து, கொழும்பிலே மயானவேலியில் மக்கள் வெண்துணித் துண்டுகளைக் கட்டித் தம் துயரத்தை வெளிப்படுத்தினர்.

இதனைச் சமயவுரிமைப் பிரச்சினையாக மட்டும் கொள்ளலாகாது. நோய்த்தடுப்பின் அடிப்படையையே இது தாக்கிற்று. தொற்றுநோயைக் கட்டுப்படுத்த முதல் வேண்டுவது, நோயுற்றவர் தாமாகவே முன்வந்து சொல்லுதல். வைத்தியசாலைக்குச் சென்று இறக்க நேர்ந்தால் உடல் எரிக்கப்படும் என்ற அச்சம் எழுந்தபின், காய்ச்சலை மறைப்பதே குடும்பத்துக்கு நேர்ந்த அறமாயிற்று. முஸ்லிம்களைப் பெருந்தொகையினராகக் கொண்ட திருகோணமலை போன்ற மாவட்டத்திலே இதன் விளைவு எத்தகையதென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. போர்க்காலத்திலே 'இன்னார்க்குக் காய்ச்சல்' என்று முன்வந்து சொன்ன ஊர், சமாதான காலத்திலே வாய்மூடிக்கொள்ள நேர்ந்தது.

சமுதாய மருத்துவ நிபுணர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்துக்கு இடமளிக்கலாம் என்று அறிவித்தன. 2021 பெப்ரவரி 25ஆம் நாள் விதி மாற்றப்பட்டது. முதலிலே கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு அடக்கத்துக்கெனத் தெரியப்பட்டது. நெடுங்கால இடப்பெயர்வின்பின் ஊர் திரும்பியிருந்த அத்தீவின் கத்தோலிக்க மீனவரைக் கேளாது எடுத்த முடிவாகையால் அவர்கள் எதிர்த்தனர். பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே, மூதூர், வெருகல் வழியாகச் செல்லும் திருகோணமலை - மட்டக்களப்புப் பெருந்தெருவை அடுத்த பகுதியிலே, மார்ச்சு 5ஆம் நாள் முதலாவது அடக்கம் நிகழ்ந்தது. உள்ளூர்ப் பிரதேச சபையும் ஊர்மக்களும் நிலத்தையும் உழைப்பையும் நல்கினர். படையினர் உடல்களைக் கொண்டுவந்தனர். ஓராண்டுக் காலத்திலே 3,600இற்கு மேற்பட்டோர், முஸ்லிம்களும் பிறரும், அங்கே அடங்கினர். கேளாது விதித்தபொழுது எதிர்ப்பும், கேட்டுச் செய்தபொழுது இணைவும் பிறந்தமையைச் சில நாட்களுக்குள்ளேயே கண்டோம். கட்டாய தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோருவதற்கு 2024 சூலை வரை சென்றது.

வாழ்வாதாரத்திலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2020 ஒக்டோபரிலே பேலியகொடை மீன்சந்தையிற் கொத்தணியாக நோய் கண்டபின், மீனால் நோய் பரவும் என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. மீனின் விலை வீழ்ந்தது. திருகோணமலைக் கரையிலே வலை வீசியோர் பிடித்த மீனை விற்கவியலாது தவித்தனர். சமைத்த மீனால் நோய் பரவாது என்ற எளிய உண்மை உரிய வேளையில், நம்பத்தக்கவர் வாயால் மக்களைச் சென்றடையவில்லை. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையிலே பச்சைமீனைக் கடித்துக் காட்ட நேர்ந்தமை, அரசின் அறிவிப்புகளை மக்கள் எவ்வளவு ஐயுற்றனர் என்பதற்கு ஓர் அளவுகோல்.

எனினும் 2021இலே தடுப்பூசி வந்தபொழுது மக்கள் பெருந்திரளாகச் சென்று நின்றனர். அவ்வாண்டின் இறுதியளவில் நாட்டு மக்களில் ஐவரில் மூவருக்கு மேற்பட்டோர் இரு ஊசிகளையும் பெற்றிருந்தனர். பல தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவந்த குடும்பநல உத்தியோகத்தர்மீது தாய்மார் வைத்திருந்த நம்பிக்கை அதற்குத் துணைநின்றது. மேலிடத்திலே குலைந்த நம்பிக்கையை அடித்தளத்திலே சேர்த்துவைத்த நம்பிக்கை ஈடுசெய்தது எனக் கூறுதல் மிகையன்று.

முடிபு

மேற்கண்ட நிகழ்ச்சிகளைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, நோய்த்தடுப்பின் இறுதிச் செயல் எப்போதும் ஒரு வீட்டினுள்ளேயே நிகழ்கின்றது: சுவரை மெழுகாதிருத்தல், தொட்டியை மூடுதல், காய்ச்சலை மறையாதிருத்தல். அங்கே சட்டத்தின் கை எட்டாது. இரண்டாவது, நம்பிக்கை கொள்ளைநோய் வந்தபின் திரட்டத்தக்க பொருளன்று. அமைதிக் காலத்திலே, ஊரறிந்த உத்தியோகத்தரின் நாளாந்தப் பணியினாலே அது சேமிக்கப்படுகின்றது. மூன்றாவது, ஒரு சமூகத்தின் இறப்புச் சடங்கையோ வாழ்வாதாரத்தையோ சான்றின்றி மிதிக்கும் ஓர் ஆணை, பல்லாண்டுச் சேமிப்பைச் சில வாரங்களிற் செலவழித்துவிடும். நான்காவது, அரசு தன் கடமையைச் செய்யாது மக்களிடம் ஒத்துழைப்பைக் கோருதல் பயன்தராது.

துறைமுகம் இன்னும் திறந்தே இருக்கின்றது. மலேரியா நம்மை விட்டு நீங்கினும் வெளிநாடு சென்று மீள்வோரிடம் அக்கிருமி இன்றும் காணப்படுகின்றது. கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளரவல்ல புதிய அனோபிலிசு இனமொன்று 2016ஆம் ஆண்டின் இறுதியிலே மன்னாரிற் கண்டறியப்பட்டது. 1963இன் மறதி மீண்டும் நேராதிருக்க வேண்டுமாயின், அடுத்த நோய் வருமுன்னரே அரசும் சமூகமும் ஒருவர் வாயிலில் ஒருவர் சென்று பழகியிருத்தல் வேண்டும். வாயிலிலே வேப்பிலையைச் செருகியவர் அவ்வீட்டாரே என்பதை ஆட்சியாளர் மறவாதிருப்பாராக.